பெட்டிகளில் வந்த கார்

போன வாரம் கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். சாலையோரப் பட்டறையில் ஒரு லாரியின் பின் ஹௌசிங்கைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். வடித்த கிரவுன் ஆயில் ஒரு தகர டின்னில் வெயிலில் இருந்தது. கந்தகம் கலந்த அந்த வாடை பிடிக்காதவர்கள்தான் அதிகம். மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போவார்கள். நான் நின்றுவிட்டேன். மெக்கானிக் பையன் வந்து, "யாரைப் பாக்கணுங்கய்யா?" என்று கேட்கும் வரைக்கும் நின்றிருக்கிறேன்.

பட்டறை வாடை கோயமுத்தூர்க்காரனுக்குப் புதிதில்லை. பீளமேட்டில் என் தாய்மாமாவின் பட்டறையில் லேத்துச் சுருள்களுக்கு நடுவே வளர்ந்தவன் நான். ஆனாலும் இந்த ஒரு வாடை என்னைப் பீளமேட்டுக்குக் கொண்டுபோவதில்லை. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில், வரிசை வீடுகளின் பின்சந்தில், ஒற்றைக் கார் நுழையும் அகலமே உள்ள கராஜுக்குக் கொண்டுபோய்விடுகிறது. சனிக்கிழமைக் காலை. கையில் ஆயில் கன். எதிரே ஜாக்கி ஸ்டாண்டுகளின் மேல், கதவும் கூரையும் இல்லாத, நீள மூக்குள்ள பச்சைக் கார். முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு வெண்கலக் கட்டைகளுக்கு எண்ணெய் விட்டால்தான் அந்த வாரம் அது வெளியே போகலாம்.

அந்தக் கார் எங்கள் வீட்டுக்குப் பெட்டிகளில் வந்தது. நான் அங்கே ஒரு பம்ப் தொழிற்சாலையில் வடிவமைப்புப் பிரிவில் இருந்தேன். கூட வேலை செய்தவர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயரப் போவதாகவும், பாதி கட்டிய கேட்டர்ஹாம் செவன் கிட் ஒன்று தன் கராஜில் வருஷக்கணக்காகக் கிடப்பதாகவும் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். பார்க்கப் போனேன். இரும்புக் குழாய்ச் சட்டம் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் அலுமினியத் தகடுகள் ரிவெட் அடித்திருந்தன. நானும் அவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கினோம், எழுந்துவிட்டது. ஒரு காரின் உடம்பை இரண்டு பேர் கையால் தூக்கலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்த நிமிஷமே விலை பேசிவிட்டேன்.

வேனில் கொண்டுவந்து இறக்கினோம். சட்டம், மோரிஸ் ஐட்டல் காரிலிருந்து எடுத்த பின்னச்சு, ஒயர்க் கட்டு, இருக்கைகள், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய சாமான்கள், நட்டு போல்ட்டுகள் நிறைந்த பழுப்புக் கவர்கள். என் மனைவி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

"ஏனுங்க, காருன்னு சொன்னீங்களே. கார் எங்கீங்க?"

"இதுதான். நாமதான் சேர்த்துக்கணும்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு கெட்டியான பழைய போர்வையைக் கொண்டுவந்து, "முட்டி போட்டு வேலை செய்வீங்க, கீழ விரிச்சுக்கங்க" என்று கொடுத்தாள். அந்தப் போர்வை கிழிந்து நைந்து போகும் வரை கராஜ் தரையில்தான் இருந்தது.

காரைப் பெட்டியில் விற்கும் வழக்கம் எப்படி வந்தது என்பதைப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த நாட்டில் பெரியவர்களையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். வாயால் அப்படிக் கூப்பிட்டாலும் மனசுக்குள் அவர் எனக்குப் பெரியவர்தான். கவென்ட்ரியின் கான்லியில் இருந்த ஸ்டாண்டர்டு டிரையம்ஃப் தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை பார்த்தவர். 1980இல் அங்கே கார் கட்டுவது நின்ற பிறகு வேறு சின்ன இடங்களில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றிருந்தார். எங்கள் கராஜில் விளக்கு எரிந்தால், இரண்டு குவளை தேநீரோடு வேலி ஓரமாக வந்து நிற்பார்.

லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன் 1957இல் செவனைக் கொண்டுவந்தபோது, கட்டி முடித்த கார்களுக்கு அங்கே கொள்முதல் வரி கடுமையாக இருந்தது. பாகங்களாக விற்றால் அந்த வரி கிடையாது. நிபந்தனை ஒன்றே ஒன்று: எப்படிச் சேர்ப்பது என்ற கையேடு கூடவே வரக்கூடாது. ஆகவே சாப்மன் காரை எப்படிப் பிரிப்பது என்று எழுதிக் கொடுத்தார், வாங்கியவர்கள் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார்கள் என்று ஒரு கதை இன்றும் வழங்குகிறது. பெரியவர் இந்தக் கதையை ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வது போலச் சொல்வார். 1973இல் கொள்முதல் வரி போய் வாட் வரி வந்தது. கிட்டுக்கு இருந்த சலுகையும் போனது. லோட்டஸ் அதற்குள் பெரிய, விலை கூடிய கார்களின் பக்கம் திரும்பிவிட்டது. செவனின் உரிமையை அதே வருஷம் சர்ரேயில் கேட்டர்ஹாம் என்ற ஊரில் கார் விற்றுக்கொண்டிருந்த கிரஹாம் நியர்ன் வாங்கினார். வரிச் சலுகை போன பிறகும் பெட்டியில் வாங்குகிறவர்கள் இருந்தார்கள். அவர்கள் காசு மிச்சம் பிடிக்க மட்டும் வாங்கியவர்கள் இல்லை. தன் கையால் முறுக்கிய நட்டுகளின் மேல் உட்கார்ந்து போவதில் ஒரு நிம்மதி இருக்கிறது. அது தெரிந்தவர்கள்.

கட்டிய கதையை விரித்துச் சொல்லப்போவதில்லை. இரண்டு குளிர்காலம் போனது. பழைய எஸ்கார்ட்டிலிருந்து கழற்றிய 1600 சிசி ஃபோர்டு கிராஸ்ஃப்ளோ எஞ்சினைப் பெரியவரின் மேசையில் வைத்துப் பிரித்தோம். வாடகைக்கு எடுத்த சங்கிலிக் கப்பியில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாகத் தொங்கவிட்டு, வால் பக்கத்தைத் தாழ்த்தி, விரலளவு இடைவெளியில் உள்ளே இறக்கியபோது என் மனைவி டார்ச் பிடித்தாள். முதல் தடவை எஞ்சின் உயிர் பெற்று ஓடியபோது பெரியவர் குவளையைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். பழைய பாகங்கள் கலந்த கார் என்பதால் க்யூ எழுத்தில் தொடங்கும் எண் கிடைத்தது. சிலர் அந்த எழுத்தைக் கௌரவக் குறைவாக நினைப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பல ஊர்ப் பாகங்கள் ஒன்றாகி ஓடுகிற வண்டிக்கு அதுதான் சரியான எழுத்து.

ஓட ஆரம்பித்ததும் எல்லோருக்கும் வருகிற ஆசை எனக்கும் வந்தது: இன்னும் வேகம் வேண்டும். கேம் ஷாஃப்ட்டை மாற்றலாம், ஹெட்டை இழைக்கலாம், 1700 ஆக்கலாம் என்று விலைப் பட்டியல்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பெரியவர் பட்டியலை மூடி வைத்துவிட்டு, "முதலில் எடை போட்டிருக்கிறாயா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் எனக்கு அந்தக் கார் விளங்க ஆரம்பித்தது. கிராஸ்ஃப்ளோ போட்ட செவன் 500 கிலோவைச் சற்றே தாண்டும். நம் மாருதி 800இன் எடை 650 கிலோ. மாருதியே லேசான கார். அதைவிட நூறு கிலோவுக்கு மேல் குறைவு. குதிரைத்திறனைக் கூட்டினால் நேர்ச்சாலையில் வேகம் தெரியும். எடையைக் குறைத்தால் ஏறும்போது, திரும்பும்போது, நிற்கும்போது என்று எல்லா நேரத்திலும் தெரியும். பிரேக் குறைவாக உழைக்கும், டயர் குறைவாகத் தேயும், அச்சும் பேரிங்கும் பாரம் சுமக்காமல் நீண்ட நாள் இருக்கும். சாப்மனின் கார்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடிய எண்ணம் இதுதான். படித்த பொறியாளனாக எனக்கு இது தெரிந்த கணக்கு. ஆனால் தெரிந்த கணக்கு கைக்கு இறங்க ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டியிருந்தது.

நீல அட்டை போட்ட நோட்டு. இடப்பக்கம் கழற்றியது, வலப்பக்கம் மாட்டியது, நேரே கிராம் கணக்கு. சமையலறைத் தராசு அடிக்கடி கராஜுக்கு வந்துவிடும். மாவுக்கு அளக்கப் போகிறவள் அதில் ஒரு ஸ்டீல் பிராக்கெட் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பாள். தரைவிரிப்பு போனது. ஸ்டெப்னியும் அதைத் தாங்கும் சட்டமும் வெளியூர்ப் பயணத்துக்கு மட்டும் என்றானது. பெரிய பேட்டரிக்குப் பதில் சின்னது. தேவைக்கு மேல் நீண்டிருந்த போல்ட்டுகளை அளவுக்கு வெட்டி, முனையை அரத்தால் ராவினேன். ஒவ்வொரு போல்ட்டிலும் சில கிராம்தான். கூட்டிப் பார்த்தால் ஒரு மடக்கு நாற்காலியின் கனம் வந்தது.

ஹீட்டரைக் கழற்றுவதா வேண்டாமா என்பது வீட்டில் பேச்சானது. மற்றவர்கள் அதைத்தான் முதலில் எறிவார்கள். என் மனைவி பின்சந்தில் நின்று ஒரே வார்த்தையில் முடித்தாள்: "நான் வரோணும்னா ஹீட்டர் இருக்கோணுங்க." ஹீட்டர் இருந்தது. நோட்டில் அதற்கு நேரே அவள் பெயரை எழுதி வைத்தேன். ஒரு காரிலிருந்து எதை எடுக்கலாம் என்பதை அதில் உட்காருகிறவர்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். பந்தயத்துக்காக ஆளே உட்கார முடியாமல் ஆக்கிய செவன்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றின் மேல் எனக்கு ஆசை வந்ததில்லை.

மாமா வந்தது இந்தக் காலத்தில்தான். அத்தை போன பிறகு ஒரு மாற்றமாக இருக்கட்டும் என்று வற்புறுத்திக் கோடைக்கு வரவழைத்தோம். ஹீத்ரோவிலிருந்து வீட்டுக்கு வந்ததும் காப்பி குடித்தார், அடுத்து, "வண்டி எங்கடா மாப்ள?" என்றார். ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் கழற்றாமல் கராஜில் குந்தி உட்கார்ந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குழாய்களை விரல் முட்டியால் தட்டினார். "இத்தன மெல்லிசுக் கொழாய்ல வண்டிய நிறுத்தியிருக்கான் பாரு. எல்லாம் முக்கோணம். நம்ம மில்லுக் கூரைக்கு ட்ரஸ் போட்ட மாதிரி." அதன் பிறகு முன்சக்கரத்தின் பின்பக்கம் கையை விட்டுத் தடவினார். கை அங்கேயே நின்றது.

"டேய், இது ஹெரால்டு காலாச்சே!"

அவர் சொன்னது சரி. செவனின் இரண்டாம் வரிசையிலிருந்தே முன்சக்கரத்தைத் தாங்கும் நிமிர்கால்கள் டிரையம்ஃப் கார்களிலிருந்து வந்தவை. ஹெரால்டு 1959இல் கவென்ட்ரியில் பிறந்த கார். அதைத்தான் 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று கட்டியது. அம்பாசிடர், ஃபியட் இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக நம் சாலைகளில் ஓடிய கார். டாக்டர்களும் மில் அதிகாரிகளும் பீளமேட்டுப் பட்டறைக்கு ஓட்டிவந்த ஹெரால்டுகள் எனக்கே ஞாபகம் இருக்கின்றன. பானெட் முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும்; நாங்கள் சிறுவர்கள் அதைத் திறக்கும் நேரத்துக்காகக் காத்திருப்போம். குறுகலான சந்தில் ஒரே மூச்சில் திரும்பிவிடும். அந்தத் திரும்பலுக்குக் காரணமான கால்தான் இங்கே மாமாவின் கையில் இருந்தது.

அந்தக் காலின் அடிமுனையில் மறை வெட்டியிருக்கும். அது ட்ரன்னியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் கால் அந்த மறையிலேயே சுழலும். இடப்பக்கத்துக்கு ஒரு திசை மறை, வலப்பக்கத்துக்கு எதிர்த்திசை. எண்ணெய் இருக்கும் வரை அதற்கு ஒரு குறையும் இல்லை. வறண்டுவிட்டால் தண்ணீர் இறங்கும், துரு பிடிக்கும், மறை கவ்வும். ஒருநாள் திருப்பும்போது கால் முறிந்து சக்கரம் பக்கவாட்டில் மடிந்துவிடும். அதற்கு விட வேண்டியது கிரீஸா, எண்ணெயா என்பது டிரையம்ஃப்காரர்களிடையே ஓயாத வழக்கு. பெரியவர் எனக்கு முதல் நாளிலிருந்தே சொல்லிவந்தது ஈபி 90 கியர் எண்ணெய், நம் ஊரில் கிரவுன் ஆயில் என்பது. வேறெதுவும் கூடாது.

அன்று சாயங்காலம் பெரியவர் வேலி ஓரம் வந்தார். மாமாவுக்கு ஆங்கிலம் வராது. அவருக்குத் தமிழ் தெரியாது. நான் நடுவில் நின்றேன். மாமா ட்ரன்னியனைத் தொட்டுக் காட்டி, "இதுக்குக் கிரவுன் ஆயில்தான் உடோணும்னு அவருகிட்டச் சொல்லு. கிரீஸ் வெச்ச ஹெரால்டெல்லாம் காலொடஞ்சு என் பட்டறைக்குத்தான் வரும்" என்றார். நான் சொன்னேன். பெரியவர் பேசாமல் தன் கொட்டகைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் மெழுகுத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால் புத்தம் புதிய ட்ரன்னியன். கான்லி மூடிய காலத்தில் எடுத்து வைத்தது. அதை மாமாவின் கையில் வைத்தார். மாமா கட்டை விரலை மறைக்குள் விட்டு ஒரு சுற்று சுற்றினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தலையை அசைத்தார். எத்தனையோ வருஷம் ஒருவர் ஊரில் செய்த சாமானை இன்னொருவர் ஊரில் பழுதுபார்த்திருக்கிறார்கள், சந்தித்தது அன்றுதான்.

மாமா இருந்த வாரங்களில் கராஜ் எனக்கு ஒரு பள்ளிக்கூடமாகிவிட்டது. ஹார்ன் பிராக்கெட் இரும்பில் இருந்ததைப் பார்த்தவர், ஓர் அலுமினியப் பட்டையை வைஸில் மாட்டி, அரமும் உப்புத்தாளும் மட்டும் கொண்டு மறுநாள் மதியத்துக்குள் புதிதாக ஒன்று செய்துவிட்டார். ஓரங்கள் கண்ணாடி மாதிரி. பெரியவர் மைக்ரோமீட்டர் கொண்டுவந்து நாலு இடத்தில் அளந்து பார்த்தார். இருவரும் பேசியது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கில் என்பதால் நான் அதிகம் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. விரல்களே போதுமானதாக இருந்தன.

கார்புரேட்டர் விஷயத்தில் மாமாவின் காதுக்கு ஈடு இல்லை. இரட்டை வெபர் 40 போட்டிருந்தேன். ஒவ்வொன்றிலும் இரண்டு வாய், ஆக ஒரு சிலிண்டருக்கு ஒரு வாய். நாலும் ஒரே அளவு காற்றை இழுக்காவிட்டால் எஞ்சின் நின்ற இடத்தில் நொண்டும். அளக்கும் கருவி என்னிடம் இருந்தது. மாமா அதைத் தள்ளிவிட்டு, ஒரு முழம் ரப்பர் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காதிலும் மறு முனையை வாய்க்கு நேரேயும் பிடித்தார். ஒவ்வொன்றாகக் கேட்டார். "ரெண்டாவது கொஞ்சம் கம்மியா இழுக்குது. அத ஒரு கால் சுத்துத் தெற." திறந்தேன். கேட்டார். "போதும்." கருவியை வைத்துப் பார்த்தேன். நாலும் ஒன்று. இப்போதைய எஞ்சின்களில் இந்த வேலைக்கே இடமில்லை. கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு எரிபொருளைப் பீய்ச்சுகிறது, அது நல்லதும்கூட. ஆனால் எஞ்சின் மூச்சு விடுவதைத் தனித்தனியாகக் கேட்ட காதுகள் அந்தத் தலைமுறையோடு போய்க்கொண்டிருக்கின்றன. அதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

அந்தக் கோடையில் செய்த பெரிய மாற்றம், ஸ்பிரிங் தட்டை மறையில் ஏற்றி இறக்கக்கூடிய ஷாக் அப்சார்பர்கள் போட்டது. போட்டால் மட்டும் போதாது. நாலு சக்கரத்திலும் பாரம் எப்படி விழுகிறது என்று பார்த்துத் தட்டுகளை அமைக்க வேண்டும். ஒரு பக்கம் ஸ்பிரிங் தட்டை உயர்த்தினால் அந்தச் சக்கரத்திலும், அதற்குக் குறுக்கே இருக்கும் சக்கரத்திலும் பாரம் கூடும்; மற்ற இரண்டிலும் குறையும். ஒரு கால் குட்டையான கயிற்றுக் கட்டில் எப்படி மூலைக்கு மூலை ஆடுமோ அப்படி. கனமான காரில் இது அவ்வளவாகத் தெரியாது. 500 கிலோ காரில், பிரேக் பிடித்தவுடன் ஒரு முன்சக்கரம் மட்டும் பூட்டிக்கொண்டு வழுக்கும்.

பந்தயக் குழுக்களிடம் இதற்கென்று தராசுகள் உண்டு. எங்களிடம் குளியலறைத் தராசுதான். அது தாங்கும் எடை ஒரு சக்கரத்தின் பாரத்துக்குப் போதாது. வழி சொன்னவர் பெரியவர். தடித்த பலகை ஒன்று. ஒரு முனை தராசின் மேல், மறு முனை அதே உயரக் கட்டையின் மேல். சக்கரம் சரியாக நடுவில். தராசு பாதி எடையைக் காட்டும். இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டியது. ஒன்று போதாது, நாலும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்பதால் தெருவில் வீடு வீடாகப் போய்த் தராசு இரவல் கேட்டோம். எல்லோரும் கொடுத்தார்கள், எதற்கு என்று பார்க்கவும் வந்துவிட்டார்கள். ஓட்டுநர் இருக்கையில் நான். அசையக்கூடாது, மூச்சைப் பிடிக்கக்கூடாது, கை ஸ்டீயரிங்கில் இருக்க வேண்டும். முன்னால் மாமா, பின்னால் பெரியவர். ஒருவர் எண்ணை விரலால் காட்ட, மற்றவர் ஸ்பிரிங் தட்டைத் திருக, என் மகள் நீல நோட்டில் பென்சிலால் எழுதினாள். அப்போது அவள் பள்ளிக்கூடத்தில் கூட்டல் பழகிக்கொண்டிருந்தாள். இருட்டும் வரை நடந்தது.

அடுத்த ஞாயிறு மாமாவை ஃபாஸ் வேயில் அழைத்துப் போனேன். ரோமானியர்கள் போட்ட தடம். வாரிக்ஷர் வயல்களுக்கு நடுவே நேராக ஓடும். செவனில் உட்கார்ந்தால் பின்னச்சு நம் முதுகை ஒட்டி இருக்கும், தரை கைக்கு எட்டும், லாரிகளின் சக்கரங்கள் தலைக்கு நேரே சுழலும். முன்னால் பார்த்தால் இரண்டு முன்சக்கரங்களும் கல்லுக்கும் பள்ளத்துக்கும் ஏறி இறங்குவது கண்ணுக்கு நேரே தெரியும். மாமா சாலையைப் பார்க்கவில்லை. போன வழியெல்லாம் அந்த இரண்டு கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

திரும்பும் முன் ஷெல்ஸ்லி வால்ஷ் மலையேற்றப் பந்தயத்துக்கும் போனோம். 1905 முதல் அதே பாதையில் நடப்பது. ஆயிரம் கெஜம்தான் தூரம். சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களுக்கு மாமா வருஷந்தோறும் ரயிலேறிப் போனவர். இங்கே மரத்தடியில் கார்களை நிறுத்திவிட்டு, ஓட்டுகிறவர்களே குந்தி உட்கார்ந்து சக்கரம் மாற்றுவதைப் பார்த்து, "நம்மாளுங்க மாதிரிதாண்டா இருக்காங்க" என்றார். அவருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

பராமரிப்பு என்று பார்த்தால் அந்தக் கார் கேட்டது பணத்தை அல்ல, பொழுதை. நீண்ட தூரம் போய்வந்தால் ஒரு சுற்று எல்லா நட்டுகளையும் பார்க்க வேண்டும். முறுக்கிய நட்டின் மேல் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வைத்திருப்பேன். கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. டயரில் காற்று 18, 20 பவுண்டுதான். அதற்கு மேல் போனால் லேசான கார் தரையைப் பிடிக்காது. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும் என்பதால் காலம் தவறாமல் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும்விட உப்பு. குளிர்காலத்தில் பனி உறையாதிருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அது பின்சக்கரத்தின் முன்னால் இருக்கும் குழாய்களில் கல்லடி பட்ட இடமாகப் பார்த்து ஏறும். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் ஒட்டி இருந்தால் அலுமினியம் அரிபடும். ரிவெட்டைச் சுற்றிப் பெயின்ட் கொப்பளித்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று பொருள். தகட்டைக் கழற்றி, சுரண்டி, இடைப்பசை பூசி மறுபடி ரிவெட் அடித்த மார்கழி ராத்திரிகள் பல. ஹீட்டர் காருக்குத்தான் இருந்தது, கராஜுக்கு இல்லை.

2000ஆம் வருஷத்தோடு ஈயம் கலந்த பெட்ரோல் பங்குகளிலிருந்து போனது. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளின் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைகளுக்கு அந்த ஈயம்தான் காப்பு. ஹெட்டைக் கழற்றிக் கடினமான இருக்கைகள் பதித்தோம். அப்போது பெரியவருக்குக் கண் மங்க ஆரம்பித்திருந்தது. அளவுகளை நான் படித்துச் சொன்னேன். வால்வை விரலால் சுற்றிப் பார்த்து, உட்கார்ந்ததா இல்லையா என்று அவர் சொன்னார். அதுதான் அவர் எங்கள் காரில் செய்த கடைசிப் பெரிய வேலை. மாமா அதற்கு முன்பே போய்விட்டார். அவர் கையிலிருந்த மெழுகுத்தாள் ட்ரன்னியன் பீளமேட்டு வீட்டு அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. பேரன்களுக்கு அது என்னவென்று நான் சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் கோயமுத்தூருக்கே திரும்பி வந்தபோது காரைக் கொண்டுவரும் யோசனை இருந்தது. காகித வேலைகளைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். வேறொரு காரணமும் உண்டு, மகள் கேட்டாள். அவள் மெக்கானிகல் படித்து, அங்கேயே மின்சாரக் கார்களின் பேட்டரிப் பெட்டிகளை வடிவமைக்கிறாள். பகலெல்லாம் நூற்றுக்கணக்கான கிலோ பேட்டரியோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு, சனிக்கிழமைகளில் கிராம் கணக்குப் பார்க்கும் நோட்டு தேவைப்படுகிறதாம். கேட்டர்ஹாமே 2023இல் மின்சாரச் செவன் ஒன்றைச் செய்து காட்டியது. அதன் எடையை 700 கிலோவுக்குக் கீழே நிறுத்தியிருக்கிறார்கள் என்று ஆச்சரியமாகச் சொன்னாள். ஆச்சரியப்பட வேண்டிய விஷயம்தான். தன் காரை மாற்றும் எண்ணம் மட்டும் அவளுக்கு இல்லை.

வாரம் ஒரு தடவையாவது வீடியோவில் கூப்பிடுவாள். எத்தனால் 10 சதவீதம் கலந்த பெட்ரோல் அங்கே வந்த பிறகு பழைய ரப்பர் குழாய்கள் ஊறிப் போவதால், எல்லாவற்றையும் மாற்றிவிட்டாள். இங்கே 20 சதவீதம் என்றேன். என் ஸ்கூட்டரின் குழாயைக் கழற்றிக் காட்டச் சொன்னாள். ட்ரன்னியனுக்கு எண்ணெய் விடும்போது போனைக் கீழே வைத்துக் காட்டுவாள். பழைய எண்ணெய் கசிந்து வெளியே வந்து புதியது தெரியும் வரை விட வேண்டும். சரியாக விடுகிறாள்.

கணபதியிலிருந்து வந்த அன்று ராத்திரியும் கூப்பிட்டாள்.

"அப்பா, மழையில பிரேக் புடிச்சா முன்சக்கரம் ஒண்ணு மட்டும் பூட்டிக்குது. பிரேக்கைப் பிரிச்சுப் பாத்துட்டேன். அதுல ஒண்ணும் இல்ல."

"டயர் காத்து?"

"பாத்தாச்சு. நான் என்ன நெனைக்கிறேன்னா, ஸ்பிரிங் தட்டெல்லாம் இன்னும் உங்க எடைக்கு இருக்கு. நீங்க உக்காந்து வெச்சதுதானே? நான் உங்களவிட இருபது கிலோ கம்மி."

எனக்கு இது தோன்றவே இல்லை. அத்தனை வருஷமும் அந்தக் கார் என் உடம்பின் பாரத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு அவளைச் சுமந்து ஓடியிருக்கிறது. என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்ப எல்லாத்தையும் திருப்பி வெக்கோணுமா கண்ணு?" என்றாள்.

"ஆமாம்மா. நாலு மூலையும். பலகை எங்கப்பா இருக்கு?"

கராஜில் வலப்பக்கப் பரணில், நாலும் ஒன்றாகக் கட்டி இருக்கும் என்றேன். நடுக்கோடு அழிந்திருக்கும், மறுபடி அளந்து குறித்துக்கொள். டேங்கில் பெட்ரோல் பாதி இருக்கட்டும். ஓட்டும்போது போடும் ஷூவையே போட்டுக்கொண்டு உட்கார். ஹீட்டரைக் கழற்றாதே. தராசு ஒன்றுதான் இருக்கிறது என்றாள். தெருவில் கேள் என்றேன்.